ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி: எந்தக் கடையில் வாங்குவது?

எந்த மாடல் என்று முடிவு செய்தவர்கள்கூட எங்கே வாங்குவது என்பதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆன்லைனில் விலை குறைவாகத் தெரிகிறது, ஆனால் இவ்வளவு பெரிய பொருளை நேரில் பார்க்காமல் வாங்கலாமா? பெரிய ஷோரூமில் பேரம் பேசினால் படியுமா? தெரிந்த கடைக்காரர் இருக்கிறார், கொஞ்சம் கூடப் போனாலும் அவரிடமே வாங்கிவிடலாமா? இந்த மூன்று கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாப் பொருளுக்கும் ஒரே கடை என்று வைத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ப்ளக்கைச் சொருகினால் ஓடிவிடும் பொருளை எங்கு விலை குறைவோ அங்கு வாங்கலாம். ஆள் வந்து பொருத்தினால்தான் ஓடும் என்றால், பொருத்தும் ஆள் யார், அவர் வேலைக்கு யார் பொறுப்பு என்பதைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இடத்தில் விலை இரண்டாவதுதான்.

## எதையெல்லாம் வைத்து ஒப்பிடுவது

மொத்தச் செலவு. அட்டையில் தொங்கும் விலையை விட்டுவிடுங்கள். பொருள் உங்கள் வீட்டில் ஓடத் தொடங்கும் நிமிடம் வரை கையிலிருந்து போகும் தொகைதான் விலை. டெலிவரி, மாடிக்கு ஏற்றும் கூலி, ஸ்டாண்டு, குழாய், அடாப்டர், சுவரில் துளை போடுவது, பழைய பொருளை எடுத்துப் போவது எல்லாம் இதில் சேரும். ஏசியுடன் வரும் செம்புக் குழாய் பெரும்பாலும் மூன்று மீட்டர் அளவுதான் இருக்கும். இன்டோர் யூனிட் ஒரு பக்கமும் அவுட்டோர் யூனிட் மொட்டை மாடியிலும் என்றால், அதற்கு மேல் போகும் ஒவ்வொரு மீட்டருக்கும் தனிக் காசு. இதை விற்கும்போது யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். பொருத்த வரும் ஆள் ஏணியில் நின்றுகொண்டு சொல்வார்.

கொண்டுவருவதும் பொருத்துவதும். இது கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய விஷயம், கீழே வருகிறது.

முதல் சில நாட்கள். பெட்டியைப் பிரிக்கும்போது பின்பக்கம் நசுங்கியிருக்கிறது, அல்லது மூன்றாம் நாளே குளிரவில்லை. அப்போது கடை மாற்றிக் கொடுக்குமா, "கம்பெனிக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லிவிடுமா? கடைக்குக் கடை உண்மையான வித்தியாசம் தெரிவது இங்கேதான்.

பிந்தைய பழுது. இதில் கடையின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. எங்கே வாங்கியிருந்தாலும் வாரண்டி காலத்தில் வருவது தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் ஆள்தான். ஆகவே "ஆன்லைனில் வாங்கினால் சர்வீஸ் கிடைக்காது" என்பது பொதுவாகச் சரியில்லை. நாட்டுக்குள் முறையாக விற்கப்பட்ட பொருளாகவும் பில் சரியாகவும் இருந்தால் போதும். உங்கள் பகுதியில் அந்த நிறுவனத்துக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதைத்தான் வாங்கும் முன் பார்க்க வேண்டும். உதிரி பாகம் எத்தனை வருடம் கிடைக்கும் என்பதும் நிறுவனத்தைப் பொறுத்தது, சில இடங்களில் சட்டத்தைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் அமலில் உள்ள விதியின்படி, ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஃப்ரிட்ஜின் முக்கிய பாகங்களைக் குறைந்தது 7 வருடமும் வாஷிங் மெஷின் பாகங்களை 10 வருடமும் கொடுக்க வேண்டும்.

சரக்கின் நம்பகம். புதுசா, டிஸ்பிளேயில் நின்றதா, யாரோ திருப்பி அனுப்பியதா, வேறு நாட்டுக்காகச் செய்யப்பட்டதா?

## பொருத்துவது ஏன் இவ்வளவு முக்கியம்

ஸ்பிளிட் ஏசியை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது பாதி முடிந்த பொருள். இரண்டு யூனிட்டையும் இணைக்கும் குழாயை வீட்டில்தான் மாட்டுகிறார்கள். வால்வைத் திறந்து கேஸை விடும் முன் அந்தக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் பம்ப் கால் மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அவசரத்தில் இருக்கும் ஆள் பம்பை எடுத்தே வர மாட்டார். வால்வை லேசாகத் திறந்து, உள்ளே இருக்கும் கேஸையே கொஞ்சம் வெளியே ஊதவிட்டு, "காற்று போயிடுச்சு" என்று நட்டை இறுக்கிவிடுவார். அன்றைக்கு ஏசி நன்றாகத்தான் குளிரும். உள்ளே தங்கிவிட்ட ஈரம் கம்ப்ரசர் எண்ணெயோடு வினைபுரிந்து அமிலமாகும். விளைவு சில வருடம் கழித்து கம்ப்ரசரில் தெரியும், அப்போது யாரைக் கேட்பது? அது போக, இப்போது புது ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் வகைக் கேஸ். ஆர்-290 என்றால் அது புரொபேன், நன்றாகவே எரியும். இதை அறைக்குள் ஊதிவிடுவது விளையாட்டில்லை.

வாஷிங் மெஷினில் இவ்வளவு நுணுக்கம் கிடையாது, ஆனால் ஒன்று உண்டு. முன்பக்கக் கதவு மெஷின்களின் பின்புறத்தில் மூன்று அல்லது நான்கு நீளமான போல்ட் இருக்கும். பயணத்தில் டிரம் ஆடாமல் இருக்க அதைப் பிடித்து வைக்கும் போல்ட்டுகள் அவை. ஓட்டும் முன் கழற்ற வேண்டும். கழற்றாமல் ஸ்பின்னில் போட்டால் மெஷின் தரையில் நடக்கத் தொடங்கும். கழற்றிய போல்ட்டை ஒரு பையில் போட்டு வைத்திருங்கள், வீடு மாறும்போது வேண்டும். இந்த மெஷின்கள் பலவும் 60 முதல் 80 கிலோ இருக்கும். ஆகவே "வாசல் வரை டெலிவரி" என்று எழுதியிருப்பதற்கும் "வைக்கும் இடம் வரை" என்பதற்கும் இடையில் உங்கள் முதுகு இருக்கிறது.

ஃப்ரிட்ஜுக்குப் பொருத்தும் வேலை ஏறக்குறைய இல்லை. வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்களா என்பது மட்டும் கவலை. படுக்கவைத்தால் கம்ப்ரசரின் எண்ணெய் கேஸ் குழாய்களுக்குள் போய்விடும். அப்படி வந்திருந்தால் நிமிர்த்தி வைத்து, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

## பெரிய சங்கிலிக் கடைகள்

பல ஊரில் கிளை வைத்திருக்கும் பெரிய ஷோரூம்களைச் சொல்கிறேன். இங்கே ஐந்தாறு நிறுவனத்தின் மாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கதவைத் திறந்து மூடலாம், உள்ளே பாத்திரம் நிற்குமா என்று கையை விட்டுப் பார்க்கலாம். பெரிய ஃப்ரிட்ஜ், சமையலறையில் பதிக்கும் அடுப்பு போன்றவற்றுக்கு இது பெரிய உதவி. சொந்தமாக டெலிவரி வண்டி, தவணை வசதி, பழையதை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். சண்டை போட ஒரு கவுண்டராவது இருக்கிறது என்பதும் ஒரு லாபம்தான்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். பில் போடும் நேரத்தில் நீட்டிக்கப்பட்ட வாரண்டியைத் திணிப்பார்கள். அதை யார் தருகிறார்கள் என்று கேளுங்கள்: தயாரிப்பு நிறுவனமா, கடையா, ஒரு காப்பீட்டு நிறுவனமா? கடை தருவதாக இருந்தால் கடை மூடினால் வாரண்டியும் மூடும். பிளாஸ்டிக் பாகம், கண்ணாடி, கதவு ரப்பர், துரு ஆகியவை விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று அந்த பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். அடிக்கடி போவது பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருப்பவைதான்.

விற்பனையாளர் ஒரே பிராண்டை விடாமல் பரிந்துரைத்தால், அவர் அந்த நிறுவனமே நிறுத்திய ஆளாக இருக்கலாம். பல பெரிய கடைகளில் இப்படி உண்டு. அதில் தப்பில்லை, யார் என்று தெரிந்துகொண்டு கேட்டால் சரி.

இன்னொன்று, மாடல் எண். பெரிய கடைகளுக்கும் ஆன்லைன் தளங்களுக்கும் என்று நிறுவனங்கள் தனித்தனி மாடல் எண் கொடுப்பதுண்டு. உருவம் அதே, கடைசி எழுத்து மட்டும் வேறு. உள்ளே ஒரு தட்டு குறைவாக இருக்கும், அல்லது ஒரு வசதி இருக்காது, சில சமயம் நிறம் மட்டும் வேறு. "எங்கே குறைவாக இருந்தாலும் அதே விலைக்குத் தருகிறோம்" என்ற வாக்குறுதி இந்த ஓர் எழுத்தில் காற்றில் போய்விடும், ஏனென்றால் அதே மாடல் வேறெங்கும் இருக்காது.

*எப்போது சிறந்தது:* வீடு கட்டி முடித்து நான்கைந்து பொருளை ஒன்றாக வாங்கும்போது. மொத்தமாகப் பேசினால் இறங்கி வருவார்கள். டெலிவரி, பொருத்தும் கூலி, ஸ்டாண்டு ஆகியவற்றையும் அந்தப் பேச்சிலேயே சேர்த்துவிடுங்கள். விலையைக் குறைக்க மேலிடத்தில் கேட்க வேண்டும் என்பவர்கள்கூட இவற்றை விட்டுக்கொடுப்பார்கள்.

## தெரிந்த கடைக்காரர்

சிறிய கடையில் நான்கு மாடல்தான் இருக்கும். விலையும் சற்றுக் கூடலாம். ஆனால் பொருத்த வருபவர் அந்தப் பகுதியிலேயே வேலை செய்யும் ஆள். சொதப்பினால் கடைக்காரருக்குத் தலைகுனிவு, அதனால் மறுபடி அனுப்புவார். நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் நீங்கள் புகார் எண்ணோடு காத்திருக்கும்போது, அவர் நேராக ஏரியா சர்வீஸ் மேலாளருக்கு போன் போடுவார். இந்த ஒரு போனுக்கு விலை போட முடியாது.

எல்லாச் சிறு கடையும் இப்படி இருக்காது. பொருள் விற்றதும் "வாரண்டி கார்டில் நம்பர் இருக்கு" என்று ஒதுங்கிக்கொள்பவர்கள் உண்டு. இப்படிப்பட்ட கடையில் கூடுதல் விலை கொடுப்பது வீண். போன வருடம் அங்கே ஏசி வாங்கியவர் ஒருவரைக் கண்டுபிடித்துக் கேட்டால் தெரிந்துவிடும்.

பில் விஷயத்தில் கறாராக இருங்கள். "பில் இல்லாமல் எடுத்தால் குறைத்துத் தருகிறேன்" என்பார்கள் சிலர். வாரண்டி தொடங்குவதே பில் தேதியில். சீரியல் நம்பர் எழுதிய பில் இல்லை என்றால் வாரண்டியும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

*எப்போது சிறந்தது:* ஏசி, தண்ணீர் சூடாக்கி, சிம்னி போன்ற, சுவரைத் துளைத்துப் பொருத்தும் எதற்கும். வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு வாங்கும்போதும் நான் இதையே சொல்வேன். செயலியில் புகார் பதிவு செய்து எண்ணைக் குறித்துவைப்பது அவர்களுக்குத் தலைவலி.

## ஆன்லைன்

விலையும் தேர்வும் இங்கே அதிகம், மறுக்க முடியாது. ஒரே மாடலின் விலை ஏறி இறங்குவதைச் சில வாரம் கவனிக்கலாம். வாங்கியவர்கள் போட்ட படங்களைப் பார்க்கலாம். ஐந்து நட்சத்திரங்களை விட்டுவிட்டு மூன்று நட்சத்திரக் கருத்துகளைப் படியுங்கள், அங்கேதான் நிதானமாக எழுதியிருப்பார்கள்.

திருப்பி அனுப்புவதைப் பற்றித்தான் பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. சட்டையைத் திருப்புவதுபோல ஃப்ரிட்ஜைத் திருப்ப முடியாது. பெரும்பாலான தளங்களில் பெரிய பொருளுக்கு "திருப்பி எடுத்தல்" என்று இல்லாமல் "மாற்றித் தருதல்" என்றுதான் இருக்கும். அதற்கும் முதலில் நிறுவனத்தின் டெக்னீஷியன் வந்து, குறை உண்மை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் வருவதற்குள் மாற்றித் தரும் கெடு முடிந்துவிடக் கூடாது. ஆகவே பொருள் வந்த அன்றே பிரித்து ஓட்டிப் பாருங்கள். "புது வீடு புகும்போது பிரிக்கலாம்" என்று பெட்டியோடு வைத்திருந்து, கெடு முடிந்த பிறகு நசுங்கலைக் கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, தளம் வேறு, விற்பவர் வேறு. ஒரே தளத்தில் நூறு பேர் விற்பார்கள். விற்பவர் அங்கீகரிக்கப்பட்டவரா என்று நிறுவனத்தின் இணையதளத்தில் பார்க்கலாம், அல்லது கஸ்டமர் கேரில் கேட்கலாம். விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால், வேறு நாட்டுக்காகத் தயாரித்த பொருளாக இருக்கலாம். வாரண்டி அந்த நாட்டோடு சரி. மின்சாரமும் ஒத்துவராமல் போகலாம், சில நாடுகளில் 110 முதல் 127 வோல்ட், பல நாடுகளில் 220 முதல் 240 வோல்ட். ஃப்ரிட்ஜில் இன்னொரு நுணுக்கம்: எந்தத் தட்பவெப்பத்துக்கு வடிவமைத்தது என்று உள்பக்க ஸ்டிக்கரில் ஓர் எழுத்து இருக்கும். 'என்' (N) வகை 32 டிகிரி வரையிலான அறை வெப்பத்துக்கு, 'எஸ்.டி.' (ST) 38 வரை, 'டி' (T) 43 வரை. வெயில் கொளுத்தும் ஊரில் 'என்' வகையை வாங்கி வைத்தால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும்.

*எப்போது சிறந்தது:* ஃப்ரிட்ஜ், டிவி, மேல்பக்க மூடி வாஷிங் மெஷின், மைக்ரோவேவ். மாடலைக் கடையில் நேரில் பார்த்து முடிவு செய்துவிட்டவர்களுக்கு. பெரிய நகரத்தை விட்டுத் தள்ளி இருந்து, பக்கத்துக் கடைகளில் தேர்வே இல்லாதவர்களுக்கும்.

## நிறுவனத்தின் சொந்த ஷோரூம், இணையதளம்

ஒரே பிராண்டு, விலையில் பெரிதாக அசைய மாட்டார்கள். ஆனால் விற்பவரும் பொருத்துபவரும் பழுது பார்ப்பவரும் ஒரே கூரையின் கீழ். "அது டீலர் பிரச்சினை" "இல்லை, அது கம்பெனி பிரச்சினை" என்று பந்தாட முடியாது. பாத்திரம் கழுவும் இயந்திரம், பதிக்கும் அடுப்பு என்று விலை உயர்ந்த, சிக்கலான பொருளுக்கு இது நல்ல வழி.

## டிஸ்பிளே பீஸ், புதுப்பித்தவை, பழையவை

டிஸ்பிளே பீஸ் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள், எனக்கு அது சில பொருளுக்கு நல்ல வழியாகவே படுகிறது. கடையில் ஓடாமல் நின்ற ஃப்ரிட்ஜுக்கு என்ன ஆகிவிடும்? கதவு ரப்பரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுத்தால் பிடிமானம் தெரிய வேண்டும், நான்கு பக்கமும். டிவி என்றால் வேண்டாம், அது நாள் முழுக்க உச்ச வெளிச்சத்தில் ஓடியிருக்கும். வாரண்டி உங்கள் பில் தேதியிலிருந்து தொடங்கும் என்று எழுதி வாங்குங்கள்.

தனியாரிடம் பழையது வாங்குவதென்றால் ஓடிக்கொண்டிருக்கும்போது பாருங்கள். பழைய ஏசி மட்டும் வேண்டவே வேண்டாம். கழற்றி மாட்டும் செலவு, கேஸ் நிரப்பும் செலவு எல்லாம் சேர்ந்து லாபத்தைத் தின்றுவிடும்.

## ஒரே பார்வையில்

| | விலை | பொருத்துதல் | முதல் வாரப் பழுது | பேரம் |
|---|---|---|---|---|
| சங்கிலிக் கடை | நடுத்தரம் | நிறுவனம் அல்லது ஒப்பந்த ஆள் | கவுண்டரில் கேட்கலாம் | மொத்தமாக வாங்கினால் உண்டு |
| தெரிந்த கடை | சற்றுக் கூடுதல் | தெரிந்த ஆள் | கடைக்காரரைப் பொறுத்தது | உண்டு |
| ஆன்லைன் | பெரும்பாலும் குறைவு | தனியாகப் பதிவு செய்ய வேண்டும் | டெக்னீஷியன் சான்று, கெடு | இல்லை, ஆஃபருக்குக் காத்திருக்கலாம் |
| நிறுவன ஷோரூம் | கூடுதல் | நிறுவன ஆள் | நேரடிப் பொறுப்பு | குறைவு |
| டிஸ்பிளே, பழையது | மிகக் குறைவு | உங்கள் பொறுப்பு | எழுதி வாங்கியது மட்டும் | நன்றாகவே உண்டு |

## வட்டியில்லாத் தவணை என்ற கணக்கு

சங்கிலிக் கடையோ ஆன்லைனோ, இந்தப் பலகை எல்லா இடத்திலும் தொங்குகிறது. "ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பலகையில் 100 என்று இருப்பதை ரொக்கத்துக்கு 94-க்குத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஆறு மாதத் தவணையில் 100 கட்டினால், 94 கடன் வாங்கி 100 திருப்புகிறீர்கள். ஆறு மாதம் முழுக்க 94-உம் உங்களிடம் இருப்பதில்லை, மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. செயல்பாட்டுக் கட்டணம் என்று ஒன்று தனியாக இருந்தால் இன்னும் மேலே. ரொக்கத்துக்கும் அதே விலைதான் என்று உறுதியாகச் சொன்னால் தாராளமாகத் தவணையில் எடுங்கள்.

எக்ஸ்சேஞ்சிலும் இதே கேள்விதான். பழையதைக் கொடுத்தால் என்ன விலை, கொடுக்காவிட்டால் என்ன விலை என்று இரண்டையும் கேட்டால், உங்கள் பழைய ஃப்ரிட்ஜுக்கு உண்மையில் எவ்வளவு போடுகிறார் என்பது தெரியும்.

## பணம் கட்டும் முன்னும், வண்டி வந்ததும்

எங்கே வாங்கினாலும் டேப்பை எடுத்து வாசல், படிக்கட்டுத் திருப்பம், லிஃப்ட் கதவு மூன்றையும் அளந்துவிடுங்கள். இரண்டு கதவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் (சைடு பை சைடு) ஃப்ரிட்ஜ்கள் பலவும் 90 சென்டிமீட்டர் அகலம். பல வீடுகளில் உள்வாசல் அதைவிடக் குறுகல். கதவைக் கழற்றி உள்ளே கொண்டுபோகும் மாடல்கள் உண்டு, ஆனால் டெலிவரி ஆட்கள் அதைச் செய்வார்களா என்று ஆர்டர் போடும் முன் கேட்க வேண்டும்.

"கம்ப்ரசருக்குப் 10 வருட வாரண்டி" என்றால் கம்ப்ரசர் என்ற பாகத்துக்கு மட்டும் என்று பொருள். மாற்றும் கூலி, கேஸ், போக்குவரத்து ஆகியவை பெரும்பாலும் உங்கள் கணக்கு. இதை வைத்து ஒரு கடையை இன்னொன்றைவிட உயர்வாக நினைக்க வேண்டாம், அது நிறுவனம் தருவது, எல்லாக் கடையிலும் ஒன்றே.

வண்டி வந்ததும் கையெழுத்துப் போட அவசரப்படுத்துவார்கள். அட்டைப்பெட்டியின் கீழ் மூலைகளையும், ஃப்ரிட்ஜானால் பின்பக்கம் கம்ப்ரசர் இருக்கும் அடிப்பகுதியையும் பாருங்கள். அடி வாங்கியிருந்தால் முதலில் தெரிவது அங்கேதான். பிரிப்பதைத் தொடக்கம் முதல் கைபேசியில் படம் எடுங்கள். நசுங்கல் இருந்தால் ரசீதிலேயே "சேதத்துடன் வந்தது" என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள், எழுத விடவில்லை என்றால் பொருளை வாங்காமல் அதே வண்டியில் திருப்பி அனுப்பிவிடுங்கள். சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் அப்போதே படம் பிடித்து, பில்லில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்பாருங்கள். மெஷினைச் சுவரோடு தள்ளி வைத்த பிறகு அந்த ஸ்டிக்கரைப் பார்ப்பது பெரிய பாடு.